ஒரு சங்குக்கு ஆங்கிலத்தில் ஏன் இரண்டு பெயர்?

ராமேஸ்வரம் கோயிலைச் சுற்றியுள்ள கடைகளில் சங்கு வாங்க வரும் வெளிநாட்டுக்காரரிடம் கடைக்காரர் அதை 'காஞ்ச்' என்று சொல்லித்தான் விற்பார். பாம்பன் பாலத்தைத் தாண்டி மண்டபத்துக்கு வந்து, அங்குள்ள மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தின் ஆங்கிலக் கட்டுரை எதையாவது புரட்டினால் அதே சங்குக்கு 'சேங்க்' என்று போட்டிருக்கும். 'பேங்க்' என்கிற சொல்லில் முதல் எழுத்தை மட்டும் எடுத்துவிட்டு, 'மச்சம்' என்பதில் வருகிற அழுத்தமான சகரத்தை அந்த இடத்தில் வைத்துச் சொல்லிப் பாருங்கள், உச்சரிப்பு சரியாக வந்துவிடும். பொருள் ஒன்றுதான், ஒரே கடலில் கிடைப்பதுதான். அப்புறம் எதற்கு ஆங்கிலத்துக்கு இரண்டு சொல்?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டுமே ஒரே வேரில் இருந்து பிரிந்த சொற்கள் என்பதுதான் பெரும்பாலான சொற்பிறப்பு அகராதிகளின் முடிவு. ஒன்று கிரேக்கத்திலும் லத்தீனிலும் வாழ்ந்து, மேற்கு ஐரோப்பா வழியாக இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தது. இன்னொன்று சமஸ்கிருதத்தில் இருந்து தமிழுக்கு வந்து, நம்ம பக்கத்துக் கரையில் சரக்கோடு சரக்காகக் கப்பல் ஏறி, போர்ச்சுகீசியர் வாயில் நுழைந்து, அதே இங்கிலாந்துக்குப் பிந்திப் போனது. போய்ச் சேர்ந்தபோது இரண்டும் உறவு என்று யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் அதற்குள் ஓசை அந்த அளவுக்கு மாறியிருந்தது.

கட்டுமரம் 'கேட்டமரன்' ஆன கதையை எல்லோரும் எழுதிவிட்டார்கள். அது நேர்வழி. இங்கே பார்த்த பொருளை இங்கே கேட்ட பெயரில் எழுதிக்கொண்டு போனார்கள், அவ்வளவுதான். சங்கின் பெயர் அப்படி நேராகப் போகவில்லை, அதனால்தான் அதைப் பின்தொடர்வதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

சொல்லைப் பார்ப்பதற்கு முன்னால் பொருளைப் பார்த்துவிடலாம். சொல்லாராய்ச்சி என்று எழுதுகிற நிறையப் பேர் அகராதியிலேயே நின்றுவிடுகிறார்கள், அந்தப் பொருள் எங்கே கிடைக்கிறது, யார் எடுக்கிறார், யார் வாங்குகிறார் என்று கேட்பதே இல்லை. அந்தக் கேள்விகள் இல்லாமல் ஒரு வாணிபச் சொல்லின் வரலாற்றை எழுதவே முடியாது என்று நான் நினைக்கிறேன்.

கடலில் இருந்து எடுத்த கையோடு பார்த்தால் சங்கு வெள்ளையாக இருக்காது. மேலே பழுப்பு நிறத்தில், விரலில் சொரசொரப்பாகப் படுகிற ஒரு தோல் இறுக ஒட்டியிருக்கும். வாயைத் தடித்த ஒரு மூடி அடைத்திருக்கும், உள்ளே சதை இழுத்துக்கொள்ளும்போது அந்த மூடியும் கூடவே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும். அந்த மூடிக்கும் விலை உண்டு, ஊதுபத்திக்கும் வாசனைச் சரக்குக்கும் வாங்கிக்கொள்வார்கள். சதையை எடுக்கச் சங்குகளை மணலில் குழி தோண்டிப் புதைத்து, அழுகவிட்டு, அப்புறம் அலசி எடுப்பது பழைய வழக்கம், குழியைத் திறக்கிற அன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கத்தில் நிற்க முடியாது. மேல்தோலை அமிலத்தில் நீக்கி, தேய்த்து மெருகேற்றிய பிறகுதான் கடையில் நாம் பார்க்கிற அந்தப் பளிங்கு வெள்ளை வரும்.

உயிரியலில் இது மணல் தரையில் புழுக்களைத் தின்று வாழும் ஒரு கடல் நத்தை, 'டர்பினெல்லா பைரம்' என்று பெயர். மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும், இலங்கையின் வடக்கிலும், கேரளத்தின் தென்கோடியிலும், குஜராத்தின் கட்ச் வளைகுடாவிலும் கிடைக்கும். வாணிபத்தில் மன்னார் வளைகுடா சங்கை 'ஜாதிச் சங்கு' என்றும் பாக் நீரிணைப் பக்கத்துச் சங்கைப் 'பட்டிச் சங்கு' என்றும் பிரித்தார்கள், ஜாதிச் சங்குக்குத்தான் விலை அதிகம். ராமநாதபுரம் மாவட்டத்துக்கு இரண்டு கடலும் சொந்தம். கீழக்கரையும் ஏர்வாடியும் மன்னார் வளைகுடாப் பக்கம், தேவிபட்டினமும் தொண்டியும் பாக் நீரிணைப் பக்கம். அதனால் இரண்டு வகையும் இந்த ஒரே மாவட்டத்தின் கரையில் ஏறியது.

இவ்வளவு சங்கையும் வாங்கியது யார்? வங்காளம். இன்றைக்கும் கணவர் உயிரோடு இருக்கிற வங்காள இந்துப் பெண்கள் கையில் வெள்ளைச் சங்கு வளையல் போடுவார்கள், கூடவே சிவப்பு வளையலும். அங்கே சங்கறுத்து வளையல் செய்கிறவர்களுக்கு 'சாங்காரி' என்றே பெயர், டாக்காவில் அவர்கள் பெயரிலேயே ஒரு கடைத்தெரு இருக்கிறது. அந்த வளையலுக்கு வேண்டிய அளவு சங்கு அவர்கள் கரையில் கிடைக்காது, நம் கரையில் இருந்துதான் போக வேண்டும். சங்கறுக்கிற பெரிய வாளை அவர்கள் 'சாங்கேர் கராத்' என்பார்கள், முன்னே தள்ளினாலும் அறுக்கும், பின்னே இழுத்தாலும் அறுக்கும் என்பதால் எப்படிப் போனாலும் அடி விழுகிற நிலைமைக்கு அதையே பழமொழியாகச் சொல்வார்கள்.

நம் பக்கத்திலும் அந்தத் தொழில் இருந்தது. அகநானூற்றின் 24-ஆம் பாட்டில் 'வேளாப் பார்ப்பான் வாளரம் துமித்த' வளை வருகிறது. வேள்வி செய்யாத பார்ப்பான் வாளரத்தால் சங்கை அறுத்து வளையலை எடுத்த பிறகு மிஞ்சுகிற தலைப்பகுதி இருக்கிறதே, அதைப் பகன்றைக் கொடியின் விரியாத மொட்டுக்கு உவமை சொல்கிறார் புலவர். பட்டறையில் உட்கார்ந்து கழிவைப் பார்த்த கண் அது. வைகை கடலில் சேருகிற இடத்தில் இருக்கும் அழகன்குளத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை 1986-87 முதல் பல கட்டமாக நடத்திய அகழாய்வுகளில் ரோமானியக் காசுகளோடும் பானை ஓடுகளோடும் சங்கு வளையல் துண்டுகளும் கிடைத்தன. இன்னும் பின்னால் போனால், சிந்துவெளிக்காரர்கள் இதே வகைச் சங்கை குஜராத் கரையில் அறுத்து வளையல் செய்திருக்கிறார்கள், நாகேஷ்வர் என்ற இடம் அதற்கான பட்டறையாகவே இருந்தது. ஆக, எழுதப்பட்ட எந்தச் சொல்லையும் விட இந்தப் பொருளின் போக்குவரத்து பழையது.

சரி, இப்போது சொல்லுக்கு வருவோம். கவனித்தீர்களா, அந்த அகநானூற்றுப் பாட்டில் 'சங்கு' என்ற சொல்லே இல்லை, 'வளை' என்றுதான் இருக்கிறது. பழந்தமிழில் இந்தப் பொருளுக்கு வளை, கோடு, நந்து, பணிலம் என்று பெயர்கள் குவிந்து கிடக்கின்றன. வளைந்திருப்பதால் வளை. அதை அறுத்துச் செய்த நகையும் வளை, அதிலிருந்து வளையல். கரையிலேயே வாழ்ந்து, தினமும் கையால் தொட்டவர்கள் வைத்த பெயர்கள் இவை என்று பார்த்தாலே தெரியும்.

'சங்கு', 'சங்கம்' என்ற வடிவங்கள் சமஸ்கிருத 'சங்க்க'வோடு தொடர்புடையவை. வடமொழியில் அது மிகப் பழைய சொல், அதர்வ வேதத்தின் நான்காம் காண்டத்தில் சங்குத் தாயத்துக்கு என்றே ஒரு பாட்டு இருக்கிறது. இது தமிழில் இருந்து வடக்கே போன சொல் என்று வாதிடுகிற தமிழறிஞர்கள் உண்டு, சுழற்சியைக் குறிக்கும் தமிழ் வேரில் இருந்து வந்தது என்பது அவர்கள் பக்கத்து வாதம். எனக்கு அந்த முடிவில் உடன்பாடு இல்லை. காரணம் கிரேக்கம், அதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன். வளை, கோடு, நந்து, பணிலம் என்று இத்தனை சொந்தச் சொல் வைத்திருக்கிற மொழிக்கு ஐந்தாவதாக ஒன்றையும் சொந்தம் என்று நிறுவ வேண்டிய அவசரம் எதுவும் இல்லை.

வளை என்ற சொல் கப்பல் ஏறாமல் சங்கு என்ற சொல் ஏன் ஏறியது? இதற்கு என் விடை வங்காளம்தான். விற்கிறவன் வீட்டில் ஆயிரம் பெயர் வைத்திருக்கலாம், சந்தையில் வாங்குகிறவனுக்கும் புரிகிற பெயர்தான் நிற்கும். வங்காளத்தில் 'சாங்க்', ஒடியாவிலும் தெலுங்கிலும் அதே சொல்லின் வடிவங்கள், தமிழில் சங்கு. கீழைக் கரை நெடுகிலும் எந்தத் துறைமுகத்தில் இறங்கிச் சொன்னாலும் புரிகிற ஒரே சொல் அது. வெளிநாட்டு வணிகர் காதில் விழுந்ததும் அதுவாகத்தான் இருக்க முடியும்.

முதலில் அரபுக்காரர்கள். கி.பி. 851-இல் எழுதப்பட்ட ஓர் அரபுப் பயணக் குறிப்பு, இலங்கைக் கரையில் முத்தும், ஊதுகொம்பாகப் பயன்படும் 'ஷங்க்' என்ற பெரிய கடற்சிப்பியும் கிடைப்பதாகச் சொல்கிறது. கீழக்கரையின் மரக்காயர்களுக்கும் அரபு வணிகர்களுக்கும் இருந்த தொடர்பை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. முத்தும் சங்கும் கீழக்கரையின் பழைய வாணிபங்கள்.

அடுத்து போர்ச்சுகீசியர். கார்சியா ட ஓர்த்தா என்ற போர்ச்சுகீசிய மருத்துவர் இந்தியச் சரக்குகளைப் பற்றி எழுதிய நூல் 1563-இல் கோவாவில் அச்சானது. அதில் 'சாங்க்கோ' என்று வருகிறது, வங்காளத்துக்குப் போகிற சரக்கு என்றும், முன்பு இதைவிட நல்ல லாபம் தந்தது என்றும் எழுதியிருக்கிறார். சொல்லும் சரக்கும் வாங்குகிற ஊரும் ஒரே இடத்தில் பதிவாகியிருப்பதுதான் இந்தக் குறிப்பின் அருமை. ஒரு சொல்லின் பாதையை நிறுவ இதைவிட நல்ல சாட்சி கிடைப்பது கடினம்.

இந்த இடத்தில் ஓசையைக் கொஞ்சம் உற்றுக் கேட்க வேண்டும். சமஸ்கிருதத்தில் முதல் எழுத்து மெல்லிய 'ஷ' போன்றது. போர்ச்சுகீசியருக்கு அந்த ஓசை தெரியாதது இல்லை, அதை எழுத அவர்கள் மொழியில் 'எக்ஸ்' எழுத்து இருந்தது. ஆனால் ஓர்த்தா எழுதியது 'சி-எச்', அந்தக் காலத்துப் போர்ச்சுகீசியத்தில் அது வல்லின 'ச்ச'. நம் சகரத்தைச் சொல்லின் முதலில் அழுத்திச் சொல்கிற பழக்கம் தெற்கே இருந்ததற்கு இன்னொரு சாட்சியும் இருக்கிறது. சோழமண்டலத்தை அவர்கள் இதே 'சி-எச்' போட்டு 'சோரமண்டெல்' என்று எழுதினார்கள், அதை மற்ற ஐரோப்பியர் ககரமாக வாசித்ததில்தான் 'கோரமண்டல்' பிறந்தது. ஆகவே 'சேங்க்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தில் இருப்பது தென்கரையின் உச்சரிப்பு, வடமொழியின் உச்சரிப்பு இல்லை என்பது என் முடிவு. வேர் வடக்கே இருந்தாலும் ஆங்கிலத்துக்குப் போனது இந்தக் கடற்கரை வாயில் இருந்துதான்.

அந்த 'எக்ஸ்' எழுத்தும் சும்மா இருக்கவில்லை. 1798-இல் ரோடிங் என்ற ஜெர்மானியர் சிப்பிகளுக்குப் பெயரிட்டபோது இந்த இனத்துக்கு 'சாங்க்கஸ்' என்று வைத்தார், எக்ஸில் தொடங்குகிற எழுத்துக்கூட்டு. சங்கு என்ற பெயரே லத்தீன் வேடம் போட்டு அறிவியலில் உட்கார்ந்த மாதிரி. மண்டபத்தின் பழைய ஆய்வறிக்கைகளில்கூட 'சாங்க்கஸ் பைரம்' என்றே பார்க்கலாம். பிற்பாடு விலங்குப் பெயரிடலின் சர்வதேச ஆணையம் அதை நீக்கிவிட்டு 1799-இல் லமார்க் வைத்த 'டர்பினெல்லா'வை நிலைநிறுத்தியது. லத்தீனில் சுழல்கிற பொருளைக் குறிக்கும் வேர். பெயர் துல்லியமானதுதான், ஆனால் ஒரு வருடம் பிந்திய பெயர் முந்தியதைத் தள்ளிவிட்டதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு, உலகம் முழுக்க எழுதப்படுகிற ஒரு பெயரில் நம்ம கடற்கரைச் சந்தைச் சொல் இருந்திருக்கும்.

போர்ச்சுகீசியருக்குப் பின்னால் டச்சுக்காரர்கள் வந்தார்கள், 1658-இல் தூத்துக்குடியைப் பிடித்தார்கள், முத்துக்கும் சங்குக்கும் சேதுபதிகளோடு பேரம் பேசினார்கள். அப்புறம் ஆங்கிலேயர். ஆங்கிலத்தில் 'சேங்க்' ஆழமாக வேர் பிடித்தது கவிதையிலோ கதையிலோ இல்லை, குத்தகைக் கணக்கிலும் வழக்கு மன்றத்திலும்தான். சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு ஒன்று 1904-ஆம் ஆண்டுத் தொகுதியில் இருக்கிறது. பாக் நீரிணையில் ராமநாதபுரம் ராஜாவுக்கு உரிமையுள்ள சங்குப் படுகையில், குத்தகைக்காரருக்குத் தெரியாமல் குளித்துச் சங்கு எடுத்தது திருட்டா என்பது கேள்வி. கடலடியில் தானாக ஊர்ந்து திரிகிற ஓர் உயிர் யாருடைய சொத்து, பாக் நீரிணை திறந்த கடலா அரசின் எல்லைக்குள் அடங்கியதா என்றெல்லாம் நீதிபதிகள் அலச வேண்டியிருந்தது, நீரிணையைத் திறந்த கடலாகக் கருத முடியாது என்றார்கள். கடல் எல்லைச் சட்டம் பற்றிய புத்தகங்களில் இன்றும் இந்தத் தீர்ப்பை எடுத்துக் காட்டுவார்கள். இதற்குப் பத்து வருடம் கழித்து, 1914-இல், சென்னை மாகாண மீன்துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் இந்தச் சங்கைப் பற்றி ஒரு முழுநூலே எழுதினார், தலைப்பிலும் 'சேங்க்' என்றே வைத்தார். இலங்கை 1953-இல் கொண்டுவந்த சங்கு மீன்பிடிச் சட்டத்திலும் அதே சொல். ஒரு சொல் சட்டத்தில் ஏறிவிட்டால் அப்புறம் அதை யாராலும் எளிதில் இறக்க முடியாது.

இனி மற்ற சொல், 'காங்க்'. இதைக் 'காஞ்ச்' என்றும் சொல்கிறார்கள், ஆங்கில அகராதிகள் இரண்டையும் ஏற்கின்றன. 'காங்க்' என்பதுதான் மூலத்துக்கு நெருக்கமானது. மூலம் கிரேக்கத்தில் 'கொங்க்கே'. அதை எழுதுகிற விதம் தமிழ் படிக்கிறவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். கிரேக்கத்தில் ஙகரத்துக்குத் தனி எழுத்து இல்லை, ககரக் குடும்பத்து எழுத்துக்கு முன்னால் 'காமா' எழுத்தைப் போட்டால் அது 'ங்' என்று ஒலிக்கும். நாம் ககரத்துக்கு முன்னால் அதன் இனமான 'ங்' வைக்கிறோம் அல்லவா, இனமெழுத்து என்று இலக்கணத்தில் படித்தோமே, அதே விதி அங்கே காமாவின் தலையில் விழுந்திருக்கிறது.

ஆனால் கிரேக்கத்தில் 'கொங்க்கே' என்றால் முதலில் நம் சங்கு இல்லை. இரண்டு ஓடு மூடித் திறக்கிற மட்டி, ஆளி போன்றவற்றைத்தான் அப்படிச் சொன்னார்கள். லத்தீன் அதை 'கொங்க்கா' என்று வாங்கிக்கொண்டு, சிப்பி, முத்துச்சிப்பி, ஊதுகிற சங்கு என்று எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டது. ஆங்கிலத்தில் 15-ஆம் நூற்றாண்டு வாக்கில் நுழைந்தபோதும் இரட்டை ஓட்டுச் சிப்பி என்ற பொருளே முன்னால் நின்றது, பெரிய சுருள் சங்கைக் குறிப்பது பிற்பாடு வந்த பழக்கம். இன்றைக்கு ஆங்கிலேயரோ அமெரிக்கரோ 'காங்க்' என்றால் கரீபியன் கடலில் கிடைக்கிற, இளஞ்சிவப்பு வாயுள்ள, இறைச்சிக்காகப் பிடிக்கிற ஒரு பெரிய சங்கைத்தான் நினைப்பார்கள். அது வேறு குடும்பம். மண்டபத்து ஆய்வாளர்கள் 'சேங்க்' என்று எழுதுவதற்கு இதுவே காரணம், 'காங்க்' என்று எழுதினால் படிக்கிறவர் வேறொரு விலங்கை நினைத்துக்கொள்வார்.

இதே கிரேக்கச் சொல்லின் குறுக்க வடிவம் 'கொங்க்கூலியோன்', குட்டிச் சிப்பி. அது லத்தீன் வழியாகப் பழைய பிரெஞ்சில் 'கொக்கீய்' ஆகி ஆங்கிலத்தில் 'காக்கிள்' என்று நின்றது. ஆக ஆங்கிலத்தில் இந்தக் குடும்பத்துக்குக் குறைந்தது மூன்று பேர்: சேங்க், காங்க், காக்கிள். தொண்டிப் பக்கம் கழிமுகச் சேற்றில் பொறுக்குகிற மட்டிக்கு 'காக்கிள்' பொருத்தமான ஆங்கிலச் சொல், கிரேக்கர் முதலில் அந்தப் பெயரில் அழைத்ததும் அந்த மாதிரிச் சிப்பியைத்தான்.

சங்கும் கொங்க்கேயும் உறவு என்று எப்படிச் சொல்கிறார்கள்? ஓசை கொஞ்சம் ஒத்துப்போகிறது என்பது போதவே போதாது. இங்கே இருப்பது ஒரு விதி. சமஸ்கிருதத்தில் மெல்லிய சகரம் வருகிற இடத்தில் கிரேக்கத்திலும் லத்தீனிலும் ககரம் வரும், அதுவும் ஒன்றிரண்டு சொல்லில் இல்லை, வரிசையாக. நாம் தினமும் சொல்கிற சதவீதத்தில் இருக்கும் சதத்துக்கு லத்தீன் 'கெந்தும்', பெர்சென்ட்டில் இருப்பது அதுதான், பழைய லத்தீனில் ககரமாகவே ஒலித்தது. தசம் கிரேக்கத்தில் 'தெக்கா'. நாயைக் குறிக்கும் சுனகன் என்ற வடசொல்லின் உறவு கிரேக்கத்தில் 'குயோன்', லத்தீனில் 'கானிஸ்'. இந்த வரிசையில் சங்க்கவையும் கொங்க்கேயையும் வைத்துப் பாருங்கள், அப்படியே உட்காருகிறது, நடுவில் வருகிற ஙகரமும் அதற்கடுத்த மூச்சொலிக் ககரமும்கூட ஒத்துப்போகின்றன. கிரேக்கச் சொல் அதற்கு முந்திய ஏதோவொரு மத்தியதரைக் கடல் மொழியில் இருந்து வந்திருக்கலாம் என்று ஐயப்படுகிற சிலரும் உண்டு. ஆனால் விதிக்குள் இத்தனை கச்சிதமாகப் பொருந்துகிற ஒன்றைத் தற்செயல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. சங்கு தமிழில் இருந்து வடக்கே போனது என்பதை நான் ஏற்காததும் இதனால்தான், அப்படியானால் கிரேக்கச் சொல்லுக்குத் தனியாக ஒரு விளக்கம் தேட வேண்டியிருக்கும்.

இதே விதியின் அடுத்த படி ஆங்கிலத்துக்குள் இருக்கிறது. பழைய ககரம் ஆங்கிலத்தின் சொந்தச் சொற்களில் ஹகரமாக மாறியது, 1822-இல் யாக்கோப் கிரிம் என்ற ஜெர்மன் மொழியறிஞர் இதை விரிவாக விளக்கினார். கெந்துமுக்கு நேரான ஆங்கிலச் சொல் ஹண்ட்ரட், கானிஸுக்கு நேரானது ஹவுண்ட். எனவே 'காங்க்' ஆங்கிலத்தின் பரம்பரைச் சொல்லாக இருந்திருந்தால் அது ஹகரத்தில் தொடங்கியிருக்க வேண்டும். ககரத்தோடு இருப்பதே வெளியில் இருந்து வாங்கியது என்பதற்கு அத்தாட்சி. கிரேக்கத்தில் இருந்து ஒன்று, நம் கரையில் இருந்து ஒன்று, இரண்டுமே இரவல்.

சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் ஒரே மூலத்தில் இருந்து பிரிந்திருக்க வேண்டும் என்று வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவில் பேசியது 1786-இல். தமிழும் தெலுங்கும் கன்னடமும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல, தனிக் குடும்பம் என்று சென்னையில் இருந்துகொண்டு எல்லிஸ் என்ற கம்பெனி அதிகாரி நிறுவியது 1816-இல், கால்டுவெல் ஒப்பிலக்கணத்துக்கு 40 ஆண்டுகள் முன்பு. அந்த எல்லிஸ் 1819-இல் இறந்தது வேறெங்கும் இல்லை, ராமநாதபுரத்தில். திராவிட மொழிக் குடும்பம் என்ற கருத்துக்கு அடித்தளம் போட்ட ஒருவருடைய கடைசி நாட்கள் இந்த ஊரில் கழிந்தன என்பது இங்குள்ள பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியாமல் இருப்பது நல்லதில்லை. அவர் காட்டிய வழியில் பார்த்தால்தான் வளையும் நந்தும் ஒரு குடும்பம், சங்கு இன்னொரு குடும்பம் என்று பிரிக்கவே முடிகிறது.

இரண்டு கிளைகளும் முதல்முறையாக நேருக்கு நேர் சந்தித்த இடம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால், 6-ஆம் நூற்றாண்டின் காஸ்மாஸைக் காட்டுவேன். அலெக்சாந்திரியாவில் வணிகராக இருந்து துறவியான அவர், இலங்கையைச் சொன்ன கையோடு எதிர்க்கரையில் 'மரல்லோ' என்ற துறையில் இருந்து சங்கு ஏற்றுமதி ஆவதாகக் கிரேக்கத்தில் எழுதினார், அடுத்த பெயராகச் சொன்ன 'காபேர்' காவிரிப்பூம்பட்டினம் என்கிறார்கள். மரல்லோ இந்தத் தென்கரையில் எந்த ஊர் என்பதில் பல கருத்து இருக்கட்டும். சங்குக்கு அவர் எழுதிய சொல் 'கொக்லோஸ்' என்பதன் ஒரு வடிவம், கொங்க்கேயின் நெருங்கிய உறவாகக் கருதப்படுவது. கரையில் நிற்கிறவன் சங்கு என்கிறான், கப்பலில் வந்தவன் கொக்லோஸ் என்று குறித்துக்கொள்கிறான்.

உறவுள்ள சொற்கள் உறவில்லாததுபோல் தெரிவது ஒரு பக்கம் என்றால், உறவே இல்லாதவை ஒன்றுபோலத் தெரிவது இன்னொரு பக்கம். காசுதான் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. ஆங்கில 'கேஷ்' நம் காசில் இருந்து வந்தது என்று அடிக்கடி பகிர்கிறார்கள். பாதி உண்மை. கம்பெனி காலத்து மதராஸில் 'கேஷ்' என்று ஒரு செப்பு நாணயம் இருந்தது, 80 கேஷ் ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். அந்தக் கேஷ் போர்ச்சுகீசியர் வழியாகப் போன நம் காசு, சந்தேகமே இல்லை. ஆனால் ரொக்கம் என்ற பொருளில் இன்று உலகம் முழுக்கச் சொல்கிற 'கேஷ்' பிரெஞ்சு, இத்தாலிய மொழிகளில் பெட்டியைக் குறித்த சொல்லில் இருந்து வந்தது, லத்தீன் 'கப்சா' அதன் வேர். பணம் வைக்கிற பெட்டி, பிறகு அதில் இருக்கிற பணம். இரண்டும் ஒரே எழுத்தில் வந்து நின்றது தற்செயல். ஓசை ஒத்துப்போனதும் முடிவு கட்டிவிடாமல், எந்த ஆண்டில், எந்த ஊரில், எந்தப் பொருளோடு அந்தச் சொல் முதலில் எழுதப்பட்டது என்று தேடினால்தான் இந்த வித்தியாசம் தெரியும். தமிழின் பெருமைக்காக இந்தத் தேடலை விட்டுவிடுகிறவர்கள்மீது எனக்குக் கோபம் இல்லை, ஆதங்கம்தான். உண்மையான சான்றுகளே இவ்வளவு இருக்கும்போது எதற்கு இட்டுக்கட்ட வேண்டும்?

கடைசியாக, உடம்புக்குள் போன சங்குகள். தமிழில் சங்கு தொண்டைக்குப் போனது. சண்டையில் 'சங்கைக் கடித்துவிடுவேன்' என்றால் யாரும் கடல் சங்கைத் தேடுவதில்லை. ஊதுகிற சங்கின் நினைவில் பஞ்சாலைச் சத்தமும் சங்கு ஆனது, குழந்தைக்குப் பால் புகட்டுகிற கிண்ணியும் சங்கு ஆனது. கிரேக்க, லத்தீன் பக்கத்தில் அதே சொல் காதுக்கும் மூக்குக்கும் போனது. காது மடலின் நடுவில் துளையைச் சுற்றியுள்ள பள்ளத்துக்கு மருத்துவத்தில் 'காங்க்கா', மூக்கின் உட்புறம் சுருண்டிருக்கிற எலும்புகளுக்கும் அதே பெயர். காஸ்மாஸ் எழுதிய கொக்லோஸின் தம்பி 'கொக்லியாஸ்', நத்தை, உட்காதில் சுருண்டிருக்கிற 'காக்ளியா' அதிலிருந்து வந்தது. காது கேளாமல் பிறந்த குழந்தைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் பொருத்துகிறார்களே, அந்தக் காக்ளியர் கருவியின் பெயரில் இருப்பதும் அதே நத்தைதான்.